தண்ணீர் படாத தேக்சா

எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு சாக்லேட் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மிஷன் ஹாஸ்டலிலிருந்து இங்கிலீஷில் வந்த கடிதத்தை முதலாளி என்னிடம்தான் கொடுத்தார். போன மாதம் எங்கள் சாக்லேட்டைத் தின்ற ஒரு ஹாஸ்டல் சிறுமி முகம் வீங்கி, மூச்சடைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்திருக்கிறாள். நிலக்கடலை அவளுக்கு விஷம். இப்போது அவள் பிறந்தநாளுக்குச் சாக்லேட் வேண்டும். கடலைத் தூசிகூட இருக்கக்கூடாது என்று எழுதியிருந்தார்கள்.

முதலாளிக்கு அதைத் தமிழில் சொல்லிவிட்டு, சாக்லேட் கிண்டும் மாஸ்டரிடமும் வாசித்துக் காட்டினேன். "கடல போடலன்னா சோலி முடிஞ்சுது" என்றார். காலையில் கடலை சாக்லேட் கிண்டிய தேக்சாவைத் துணியால் துடைத்து, அதிலேயே புதுச் சரக்கை உருக்கினார். எங்கள் கொட்டகையில் தேக்சாவைக் கழுவுவதே இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் உருகிய சாக்லேட் மணல்போலத் திரிந்துவிடும். முன்பு வேலை பார்த்த கடையில், ஈரப் பாத்திரத்தால் சரக்கைக் கெடுத்து, அடிவாங்கி வெளியேறியவர் மாஸ்டர்.

அந்தத் துணியை எடுத்து உதறினேன். கடலைத் தோல் பறந்தது.

"கழுவிக் காய வச்சிரலாங்க மாஸ்டர்."

"பத்து படிச்சவ எனக்கே பாடம் எடுக்கியா? டீச்சரம்மா, போயி கரும்பலகையக் கழுவு."

"பிள்ள செத்துப்போகுங்க."

"கடல தின்னு செத்தவள நீ பாத்தியா?"

வாளித் தண்ணீரைத் தூக்கித் தேக்சாவில் கொட்டினேன். சாக்லேட் கட்டிகட்டியாகத் திரண்டது. அவர் கையிலிருந்த மரத்துடுப்பு என் புருவத்தைப் பிளந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அடுத்த அடி தோளில். மறுபடி ஓங்கியபோது துடுப்பைப் பிடுங்கி அவர் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு அடி அடித்தேன். அது தேவையில்லை. ஆனாலும் அடித்தேன்.

முதலாளி ஓடிவந்தார். "ஏத்தா, கொலையா பண்ணுற?"

துணியை அவர் முகத்துக்கு நேரே விரித்தேன். ஒட்டியிருந்த தோல்களைப் பார்த்தார்.

"வெரசா கழுவு" என்று மட்டும் சொல்லி, மாஸ்டரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

துடுப்பில் கடலையும் என் ரத்தமும் ஏறியிருந்தன. அதை அடுப்பில் போட்டேன். தேக்சாவையும் தட்டுகளையும் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, அனலில் வைத்து ஈரம் போக உலர்த்தி, புதுத் துணி, புதுத் துடுப்போடு சாக்லேட்டை நானே கிண்டினேன். புருவத்தில் தாவணியில் கிழித்த துண்டைக் கட்டியிருந்தேன்.

ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்தச் சிறுமி கேட்டாள். "இதுல கடல இருக்காக்கா?"

"இல்ல."

கடித்தாள். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு, பள்ளி மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றேன். மணி அடித்ததும் அவள் இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஓடினாள்.