ஏணியக்காவும் ஈரத் தரையும்

ஏணியக்கா மூன்றாவது படியில் நின்று குதிக்கிறார். பேருக்கு அல்ல; சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கால்களையும் சேர்த்து, முழு மனதோடு குதிக்கிறார். ஏணி முனகினால் இறங்கி வந்து அதன் மூட்டுகளைத் தடவிப் பார்க்கிறார். முனகாவிட்டால் இன்னும் ஒரு படி மேலே போய் அங்கேயும் குதிக்கிறார். திருப்தி வந்த பிறகுதான் பச்சை ஸ்டிக்கரை எடுத்து ஏணியின் விலாவில் ஓர் அறை அறைந்து ஒட்டுகிறார். அந்தச் சத்தம் பட்டறையின் மறுகோடி வரை கேட்கும்.

அலுமினிய ஏணிகள் செய்யும் தொழிற்சாலை அது. எடை தாங்குமா என்று பார்க்க இயந்திரம் இருக்கிறது. மேலே நிற்கிறவருக்கு வயிற்றைக் கலக்குமா என்று பார்க்க இயந்திரம் ஏது? அதற்குத்தான் ஏணியக்கா. நல்ல வாட்டசாட்டமான உடம்பு. அதைப் பற்றி யாராவது வாயெடுத்தால், "இந்த உடம்புக்குத்தான் கம்பெனி சம்பளம் குடுக்குது, கண்ணு வைக்காதீங்க" என்று அடக்கிவிடுவார். உதவிக்கென்று ஒல்லியான ஒரு பெண்ணை அனுப்பினார்கள். "இவ ஏறினா ஏணிக்கே தெரியாதே!" என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டார்.

கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். மனைவி ஸ்டிக்கர் ஒட்டிய ஏணியைத் தவிர வேறெதிலும் கால் வைக்கமாட்டார். "என் பொண்டாட்டியே குதிச்சுப் பார்த்த ஏணி. நானெல்லாம் இதுக்குத் தூசு" என்று போகிற வீடுகளிலெல்லாம் பீற்றிக்கொள்வார். கம்பெனிக்குச் செலவில்லாத விளம்பரம்.

அந்த வாய்க்காரர் ஒருநாள் கணுக்கால் வீங்கி, நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை. வழவழவென்று டைல்ஸ், அதில் சிந்திய தண்ணீர். ஏணி அடியோடு சறுக்க, இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். உயிர் தப்பியது அந்தக் கம்பியின் புண்ணியம்.

"தண்ணி கிடந்ததை நான்தான் பார்க்கலை. ஏணி மேல ஒரு தப்பும் இல்லை" என்றார் கணவர். மனைவியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. ஏணியக்கா அந்த ஏணியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஏறினார். இரண்டாவது படிக்குப் போவதற்குள் ஏணி நழுவியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், குனிந்து ஏணியின் காலைத் தடவிப் பார்த்தார்.

ஏணியின் காலில் மாட்டும் ரப்பரைச் சமீபத்தில்தான் மாற்றியிருந்தார்கள். புதியது கெட்டி, சீக்கிரம் தேயாது. சரி என்று சொன்னது ஏணியக்காவேதான். ஆனால் அவர் குதித்ததெல்லாம் பட்டறையின் சொரசொரப்பான சிமென்ட் தரையில். அதில் எந்த ரப்பரும் பிடித்துக்கொள்ளும். ஈரமான டைல்ஸில் ஏறிப் பார்க்கவேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் படியைப் பற்றித்தான் கவலை, தரையை யார் நினைத்தார்கள்!

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி ஒரு விருதின் கடைசிச் சுற்றில் இருந்தது. நேர்மையாகத் தொழில் செய்கிற நிறுவனங்களுக்குக் கொடுக்கும் விருது. தேர்வுக் குழு அடுத்த வாரம் நேரில் வருவதாக இருந்தது. சுவருக்கு வெள்ளை, வாசலுக்குப் பூந்தொட்டி என்று ஒரே தடபுடல். விற்பனை மேலாளருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. இந்த விருது கிடைத்தால் பெரிய கடைகளுக்குள் நுழையலாம், இன்னும் பலருக்கு வேலை கொடுக்கலாம் என்று கனவு கண்டவர். ஏணியக்கா விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"அக்கா, ஒரே ஒரு வாரம் பொறுங்க. அவங்க வந்துட்டுப் போகட்டும். அப்புறம் சத்தமில்லாம மாத்திடலாம்."

"அந்த ஒரு வாரத்துல ஏணியில ஏறுறவங்ககிட்ட யாரு சார் போய்ப் பொறுங்கன்னு சொல்றது?"

"உங்க வேலை போயிடும்க்கா. சரின்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான். அதான் நானே சொல்ல வந்தேன்."

வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கும் இருந்தது. கணவர் வீங்கிய காலோடு வீட்டில் கிடக்கிறார். இந்தச் சம்பளமும் நின்றுபோனால் அடுப்பு எப்படி எரியும்? பயம் ஒரு பக்கம் இருக்க, தோளில் அந்த ஏணியோடு கால்கள் முதலாளியம்மாவின் அறையை நோக்கி நடந்துவிட்டன.

முதலாளியம்மா அதிகம் பேசாதவர். முழுவதையும் கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினார். "எங்க, தண்ணிய ஊத்துங்க" என்றார். அவர் அறைத் தரையும் டைல்ஸ்தான். தானே ஏறினார், தானே சறுக்கினார். ஏணியக்கா தாங்கிப் பிடித்திராவிட்டால் மேஜை முனை மண்டையைப் பதம் பார்த்திருக்கும்.

"வித்தது எல்லாத்தையும் திரும்ப வரவழைங்க. இன்னிக்கே பேப்பர்ல போடச் சொல்லுங்க" என்றார் முதலாளியம்மா, புடவையை உதறிக்கொண்டே.

"என்னை வேலைய விட்டு அனுப்பிடுவீங்களாம்மா?"

"அனுப்பிட்டு யாரைக் குதிக்கச் சொல்றது? என்னையா?"

தேர்வுக் குழு வந்த அன்று வாசலே தெரியவில்லை. தெரு முழுக்க ஏணி. தோளில் ஏணி, சைக்கிளில் ஏணி, கார்த் தலையில் ஏணி. ஏதோ தள்ளுபடி விற்பனை போலிருக்கிறது என்று குழுத் தலைவர் நினைத்தாராம். உள்ளே போனால், புதிதாகப் பதித்த டைல்ஸ் மேல் தண்ணீர் ஓடுகிறது. ஏணியக்கா அந்தக் கெட்டி ரப்பரில் ஏறிச் சறுக்கிக் காட்டுகிறார். அதற்குப் பதிலாக இப்போது மாட்டும் ரப்பரில் ஏறிக் குதித்துக் காட்டுகிறார். கூட்டம் கைதட்டுகிறது. ஓர் ஓரத்தில் மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தலை நிமிராமல், ஒவ்வொரு ஏணிக்கும் ரப்பர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"இந்த ரப்பரைச் சரின்னு சொன்னது யாரு?" என்று கேட்டார் தலைவர்.

"நான்தான் சார். சிமென்ட் தரையில குதிச்சுட்டு நல்லாயிருக்குன்னு சொல்லிட்டேன். உங்க வீட்ல எங்க ஏணி இருக்கா? இருந்தா முதல்ல அதைக் கொண்டுவாங்க."

இருந்தது. மறுநாள் கொண்டும் வந்தார்.

விருது விழாவில் முன்வரிசையெல்லாம் பெரிய பெரிய நிறுவனங்கள். கோட்டும் சூட்டுமாக அவர்கள் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தே ஏணிக்காரர்கள் பாதி நம்பிக்கையை விட்டுவிட்டார்கள். தலைவர் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தார். "எங்ககிட்ட தப்பே நடக்கலைன்னு சொன்னவங்க நிறையப் பேர். நடந்த தப்பை வாசல்ல நிறுத்தி வெச்சு, ஏறிக் காட்டினவங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டுப் பெயரை அறிவித்தார். பின்வரிசை எகிறிக் குதித்தது. பெயின்டர் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளியம்மா ஏணியக்காவின் கையை விடாமல் மேடைக்கு இழுத்துப்போய், கேடயத்தை அவரிடமே வாங்கச் சொன்னார். ஏணியக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அவர் மறைக்கவில்லை. வாழ்நாளில் இப்படியொரு சந்தோஷத்தை அவர் கண்டதில்லை.

"எல்லாரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றார் புகைப்படக்காரர். ஏணியக்கா இடமும் வலமும் பார்த்தார். மேலாளரைக் காணோம். மேடைக்குக் கீழே, கூட்டத்தோடு கூட்டமாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார் மனிதர்.

"சார், அங்க என்ன பண்றீங்க? மேல வாங்க."

"நான் எதுக்குக்கா? வேண்டாம்" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஏணியக்கா மேடை விளிம்புக்கு வந்து குனிந்தார். அவர் கையை எட்டிப் பிடித்து ஒரே இழுப்பாக மேலே இழுத்து, கேடயத்தின் ஒரு பக்கத்தை அவர் கையில் திணித்தார்.