பூவரச மரத்தடி ஜாயின்ட்

உட்கார்ந்தால் காலாட்டுவேன். நின்றால் சாவிக்கொத்தைச் சுழற்றுவேன். பஸ் ஸ்டாப்பில் நின்றால் பஸ் வருகிற திசையை எட்டி எட்டிப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவருக்கும் பதற்றத்தை ஒட்டவைத்துவிடுவேன். இப்படிப்பட்ட ஆளுக்கு வாய்த்த பிழைப்பு, குழிக்குள் குந்தி உட்கார்ந்து மணிக்கணக்கில் கேபிள் இணைப்பது. பொறுமை உள்ளவன் செய்ய வேண்டிய வேலை. எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று எனக்கே தெரியாது.

இணைப்பதை நாங்கள் ஜாயின்ட் போடுவது என்போம். வீதிக்கடியில் போகும் கேபிளுக்குள் நாலு கோர், அதாவது தனித்தனியாக உறை போட்ட நாலு கம்பி, இருக்கும். இந்தப் பக்கத்துக் கோரையும் அந்தப் பக்கத்துக் கோரையும் ஒரு அலுமினியக் குழாய்க்குள் நுழைத்து, கிரிம்பிங் மெஷினால் நசுக்குவோம். அதன்மேல் ஸ்லீவ் வரும். பார்க்க ரப்பர் குழாய் மாதிரி இருக்கும். காஸ் தீயைக் காட்டினால் சுருங்கி அப்படியே கவ்விக்கொள்ளும், உள்ளே பூசிய பசை உருகி ஓரத்தில் எட்டிப்பார்க்கும். பசை சுற்றிலும் கசிந்துவிட்டால் தண்ணீர் புகாது என்று நிம்மதியாக எழுந்திருக்கலாம். நாலு கோருக்கும் நாலு சின்ன ஸ்லீவ், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய ஸ்லீவ். அந்தப் பெரியதுதான் மழைக்கும் மண்ணுக்கும் பதில் சொல்ல வேண்டியது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஸ்லீவ் குழாயாக இருப்பதால் இணைக்கும் முன்பே அதைக் கேபிளில் மாட்டித் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். இணைத்த பிறகு மாட்ட வழியே கிடையாது, இரண்டு கையையும் கோத்துக்கொண்ட பிறகு வளையல் போட முடியாத மாதிரி. மறந்துவிட்டால் போட்ட ஜாயின்டை வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் புதுத் துண்டு கொடுத்து, ஒன்றுக்கு இரண்டாக ஜாயின்ட் போட வேண்டும். இந்த வேலையில் இருக்கிறவன் ஒருமுறையாவது மறந்திருப்பான். மறக்கவே இல்லை என்று எவனாவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அதனால் நானும் என் கூட்டாளியும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கிரிம்பிங் மெஷினை எடுக்கும்முன் ஒருவன் “போட்டாச்சா?” என்று கேட்க வேண்டும். மற்றவன் ஒவ்வொரு ஸ்லீவையும் கையால் தொட்டுவிட்டுத்தான் “போட்டாச்சு” என்று சொல்ல வேண்டும். வாயால் மட்டும் சொன்னால் செல்லாது. பதினைந்து வருடமாக அவனோடு குழியில் இறங்குகிறேன். இந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். மற்ற ஆட்கள் மறந்துவிட்டு விழிக்கும்போது ஊருக்கே கேட்கிற மாதிரி திட்டுபவனும் நான்தான்.

அன்றைக்குப் புரட்டாசி மாதம், ஆனால் வெயில் சித்திரையைப் போல் காய்ந்தது. உழவர்கரைப் பக்கம் ஒரு வீதியில், பூவரச மரத்தடியில் குழி. கரண்டை நிறுத்திவைக்க வாங்கிய அனுமதி நாலு மணியோடு முடிகிறது. மணி மூன்றரை. வீட்டுக்காரர்கள் விசிறியோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழியை எட்டிப் பார்த்து, “இன்னாப்பா, ஆச்சா?” என்றார். கூட்டாளி “போட்டாச்சா?” என்று கேட்டான். நாலு சின்ன ஸ்லீவும் கண்ணில் பட்டன. கையோ பெரியவரைப் பார்த்து ‘ஆச்சு, ஆச்சு’ என்று சைகை காட்டிக்கொண்டிருந்தது. “போட்டாச்சு” என்றேன்.

கடைசி கோரையும் நசுக்கி, சின்ன ஸ்லீவுகளைச் சுட்டு முடித்து நிமிர்ந்தபோது கூட்டாளி பக்கத்து மதிலையே பார்த்துக்கொண்டு நின்றான். பெரிய ஸ்லீவ் அதன்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

வெட்டித் துண்டு போட நேரமும் இல்லை, கையில் இன்னொரு ஜாயின்டுக்கான சாமானும் இல்லை. வேலை கொடுத்த ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்து “மறந்துட்டேன்” என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் வாயில் வரவே இல்லை. கூட்டாளி ரொம்ப நிதானமான ஆள். இடி விழுந்தாலும் எங்கே விழுந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் திரும்புவான்.

“உள்ள நாலும் போட்டுருக்கோம்ல மச்சான். மேல டேப்ப நல்லா இறுக்கிச் சுத்திட்டு மண்ணப் போடு. எவன் தோண்டிப் பாக்கப் போறான்?”

சுற்றினேன். இருந்த டேப் முழுவதையும் சுற்றினேன். பிறகு மண்ணைத் தள்ளி, தண்ணீர் தெளித்து, இடிகட்டையால் இடித்து, குற்றம் செய்தவனுக்கே வரும் அக்கறையோடு தரையைச் சமமாக்கினேன். நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலையில் அந்தப் பக்கம் வேலையே இல்லை, ஆனாலும் ஸ்கூட்டர் அங்கேதான் போய் நின்றது. ஜாயின்டுக்கு நேர் மேலே ஒரு இட்லி வண்டி. பின்னால் இரண்டு சைக்கிள் சக்கரம், முன்னால் மண்ணில் ஊன்றிய இரண்டு இரும்புக் கால். முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி ஆவி பறக்க இட்லித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இங்கேதான் கடையா என்று கேட்டேன்.

“அதோ அந்தக் கம்பத்துக்கிட்ட போடுவேண்ணா. அங்க பள்ளம், வண்டி ஆடிக்கினே இருக்கும். இங்க யாரோ புண்ணியவான் மண்ணு தட்டி சமன் பண்ணி வுட்டுட்டுப் போயிருக்கான். அதான் வந்துட்டேன்.”

அந்தப் புண்ணியவான் நாலு இட்லி வாங்கிச் சாப்பிட்டான்.

அன்று தொடங்கிய இட்லி, ஒன்றரை மாதம் நிற்கவில்லை. தினமும் போவேன். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு குனிந்து, சட்டைப்பையில் செருகி வைத்திருக்கும் டெஸ்டரை எடுத்து, கரண்ட் கசிகிறதா என்று வண்டியின் இரும்புக் காலில் வைத்துப் பார்ப்பேன். விளக்கு எரியாது. எரியவில்லை என்றால் நிம்மதி வர வேண்டும் இல்லையா? ஸ்கூட்டரைத் திருப்பி முதல் சிக்னலைத் தாண்டுவதற்குள் அது போய்விடும். டெஸ்டர் பழுதோ என்று சந்தேகம் வந்து புதிது வாங்கினேன். அதுவும் எரியவில்லை. காய்ந்த மண்ணில் எப்படி எரியும், மழை வந்தால் அல்லவா தெரியும் என்று மனசு அடுத்த கவலைக்குத் தாவியது.

“இன்னாண்ணா, தெனம் குனிஞ்சு குனிஞ்சு பாக்குற?” என்று ஒருநாள் கேட்டாள்.

“வண்டி ஆடுதான்னு பாக்குறேம்மா.”

“உன்ன மாதிரி ஒரு அண்ணன் இருந்தா எனக்கு இன்னா கொறச்சல்” என்று சொல்லி ஒரு கரண்டிச் சட்னி அதிகமாக ஊற்றினாள்.

வீட்டில் வேறு கூத்து. “ஏங்க, நான் சுடுற இட்லி கசக்குதா?” என்று மனைவி கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கண்டுபிடிப்பில் இறங்கினேன். இணைத்த பிறகு மாட்டக்கூடிய உறை ஒன்று வேண்டும், அவ்வளவுதானே? பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தேன். பழைய சைக்கிள் டியூபை வெட்டி விளிம்பில் ஒட்டினேன். இரண்டு பாதியையும் கிளாம்ப் போட்டு முடுக்கி, உள்ளே ஒரு செய்தித்தாள் துண்டை வைத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாளித் தண்ணீரில் அமுக்கினேன். முதல்முறை தாள் கூழாக வந்தது. இரண்டாம் முறை ஓரம் மட்டும் நனைந்தது. மூன்றாம் முறை, இரண்டு முனையிலும் பசை டேப்பைத் திணித்த பிறகு, தாள் மொடமொடவென்று வெளியே வந்தது. நான் குதித்த குதியில் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து, வாளியையும் என்னையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

மறுநாள் அதை எலக்ட்ரிக்கல் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் சிரிக்காமல் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்துவந்தார். நீளவாக்கில் பிளந்த ஸ்லீவ். சுற்றிப் போட்டு, இரண்டு விளிம்பையும் சேர்த்து ஒரு ஸ்டீல் பட்டையைச் செருகித் தீயைக் காட்டினால் போதும்.

“இது வந்து ரொம்ப நாளாச்சே, உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான். எந்த நாட்டிலோ எவனோ ஒருவன் என்னைப் போலவே மதில்மேல் ஸ்லீவைப் பார்த்துவிட்டு விழித்திருக்கிறான். அவன் மறந்ததைச் சொல்லியிருக்கிறான், அதனால் அது கண்டுபிடிப்பு ஆகிவிட்டது. நான் அந்தப் பெட்டியை வாங்கி ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு மறுபடி இட்லி தின்னப் போனேன். குழி தோண்டக் காரணம் சொல்ல வேண்டும். கரண்டை நிறுத்தக் காரணம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், ஞாயிறு கழித்துச் சொல்லலாம் என்று பதினெட்டு நாள் அந்தப் பெட்டி என்னோடு ஊரைச் சுற்றியது.

ஐப்பசி பிறந்த பிறகு ஒரு விடியற்காலை மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, வானத்தைக் கவிழ்த்து ஊற்றுகிற மழை. இன்றைக்கு அவள் கடை போடமாட்டாள் என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினேன். வீதிக்குள் திரும்பினால் கணுக்கால் அளவு தண்ணீர். மரத்துக்கும் மதிலுக்கும் கயிறு கட்டி, தார்ப்பாய் விரித்து, அவள் வண்டியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன்.

“வாண்ணா. மழையிலயும் வந்துட்டியா” என்றாள். “காலைலேர்ந்து இந்த வண்டியத் தொட்டா கை விர்ருங்குது. குளுருல மரத்துப் போச்சு போல.”

“வண்டியத் தொடாத. அப்படியே பின்னால போ. எதிர்வீட்டுப் படில ஏறு.”

“ஏண்ணா, இட்லி வெந்துக்கினு...”

“ஏறுன்னா ஏறும்மா” என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோய்ப் படியேறினாள். சாப்பிட வந்திருந்த மூன்று பேரையும் விரட்டினேன். லைன்மேனுக்குப் போன் போட்டு உடனே நிறுத்தச் சொன்னேன். அடுத்து கூட்டாளிக்கு.

“எங்கியோ லீக்காவுதுன்னு மட்டும் சொல்லு மச்சான். நம்ம பேர எடுக்காத” என்றான் அவன்.

பத்து நிமிடத்தில் லைன்மேன் கரண்டை நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே வந்து, எந்த இடம் என்று கேட்டார். கூட்டாளி சொன்னதுதான் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் எங்கியோ என்று சொன்னால் அவர் வீதி முழுக்கத் தேடுவார், அதற்குள் யாராவது கரண்டைப் போடச் சொல்லி நெருக்குவார்கள். “இங்கதான் சார், இந்த வண்டிக்குக் கீழ. நான் போட்ட ஜாயின்ட். வெளி ஸ்லீவ் போடல. மறந்துட்டு டேப் சுத்தி மூடிட்டேன்” என்றேன். எதிர்வீட்டுப் படியில் நின்றவர்களுக்கும் கேட்டது. மழையில் கத்தித்தானே பேச வேண்டியிருக்கிறது.

மத்தியானம் மழை விட்டதும் வண்டியைத் தள்ளி வைத்துவிட்டு நானே தோண்டினேன். கூட்டாளியும் வந்தான், குழித் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினான். டேப்பைப் பிரித்தால் உள்ளே பழுப்புத் தண்ணீர். ஒரு சின்ன ஸ்லீவின் ஓரம் கருகியிருந்தது. அந்தப் பிளந்த ஸ்லீவ் சீட்டுக்கடியில்தான் இருந்தது, ஆனால் நனைந்த ஜாயின்டுக்கு மேல் எதைப் போட்டாலும் ஈரத்தை உள்ளே வைத்துத் தைப்பதுபோல்தான். மறந்த அன்றைக்கே போட்டிருந்தால் உதவியிருக்கும். வெட்டி எடுத்துவிட்டு, துண்டு கொடுத்து, இரண்டு ஜாயின்ட் போட்டோம். ஒவ்வொரு ஸ்லீவையும் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். ஒப்பந்தக்காரர் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்டபோது விசித்திரமாகக் கால் ஆட்டம் நின்றிருந்தது.

அவள் போகவில்லை. எதிர்வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு எதிரில் போய் நின்றேன். திட்டட்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

“அப்ப தெனம் வந்தது இட்லிக்கு இல்ல” என்றாள்.

“இல்லம்மா.”

“வந்த மொத நாளே ஒனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

அவள் எழுந்து படியிலிருந்து இறங்கினாள். வண்டிக்கு அருகே மதிலோரமாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. அடுப்பு மூட்டினால் காலில் செருப்போடு நிற்கமாட்டாள், சாமி கும்பிட்டு ஏற்றுகிற அடுப்பு. ஒன்றரை மாதமாக இரும்புக் காலைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அவளுடைய வெறும் பாதங்களை அப்போதுதான் பார்த்தேன், காலையிலிருந்து தண்ணீரில் நின்று வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன.

செருப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நீ குழி தோண்ட வேணாம், வேலய வுட வேணாம். செருப்பு போட்டுக்கம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?” என்றாள்.