ஆணி அடிக்காத கதவு

ஒஸ்லோவில் பழைய மரவீடு ஒன்றை வாங்கிய நாளிலிருந்து என் பெரியப்பாவின் மகன் குகனண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கப் போன என்னை வாசல் கதவுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்.

"ஒரு ஆணி இல்லை. முழுக்கக் கைவேலை. தொட்டுப்போடாதை பிள்ளை, இப்பதான் எண்ணெய் பூசினது."

காலடியில் மரச்சீவல் சுருள் சுருளாகக் கிடந்தது. அந்த மணம் என்னை யாழ்ப்பாணத்தில் பெரியப்பா வீடு கட்டிய வருஷத்துக்கு இழுத்துப் போனது.

அந்த வீட்டு முன்கதவைச் செதுக்கத் தச்சருக்கு மூன்று மாதம் பிடித்தது. கதவில் வரும் கிளியின் கழுத்து வளைவை உளியால் எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார். புதுவீட்டுக் குடிபூரலன்று வெள்ளை வேட்டியோடு வந்து, தான் செய்த கதவுக்கு முன்னால் நின்றார். பெரியப்பா வழியை மறித்தார்.

"நீ பின்பக்கத்தாலை போய்க் கொட்டிலுக்கை இரு. சாப்பாடு வரும்."

கிளியைச் செதுக்கிய கை உள்ளே வந்தால் வீடு தீட்டுப்பட்டுவிடுமாம்; அது செதுக்கிய கிளிக்கு மட்டும் தீட்டில்லை. சாப்பாட்டை வாழையிலையில் கொண்டுபோய், அவர் கையில் படாமல் நிலத்தில் வைத்தவள் நான். எட்டு வயதிலேயே எனக்கும் அந்த வித்தை பழகியிருந்தது.

"கதவைத் திருத்தினது ஆர், அண்ணை?" என்று கேட்டேன்.

குகனண்ணை தெருவைக் காட்டினார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வேனுக்குள் ஒரு போலந்துக்காரர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ளை விட்டால் நிலமெல்லாம் ஊத்தையாக்கிப் போடுவான். எனக்கு மரமெண்டால் உயிர். அப்பாவைப் போலை."

"ஓம் அண்ணை, அப்பாவைப் போலைதான்" என்றேன்.

அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு அவர் மலர்ந்து சிரித்தார்.