துடைத்த துப்பாக்கியோடு ஷாம் வரை

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்கால். ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் பட்டறை வாசலிலிருந்து பிக்கப் கிளம்பியது. பின் சீட்டில் கம்பளி சுற்றிய இரண்டு துப்பாக்கிகள். முன் சீட்டில், டிரைவர் பக்கத்தில் நான். போகிற இடம் ராஸ் அல் கைமாவையும் தாண்டி, மலையடியில் இருக்கும் ஷாம். நூற்றிருபது கிலோமீட்டருக்குக் குறையாது. எங்கள் அர்பாபின் தகப்பனார் அங்கே இருக்கிறார். அர்பாப் என்றால் முதலாளி. என் விசா அவர் கையில். அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.

ஒரு துப்பாக்கி அந்தக் கிழவருடைய அப்பா காலத்தது. அடியிலுள்ள பிடியை இறக்கினால் தோட்டா போடும் வாய் திறக்கும் ஒற்றைக் குழல் ரகம். இன்னொன்று, அதே பழைய அச்சில் இப்போது ஒரு கம்பெனி செய்து விற்பது. இங்கே கல்யாணங்களில் இளவட்டங்கள் துப்பாக்கியைச் சுழற்றி, வானத்தில் எறிந்து பிடித்து ஆடுவார்கள். பேரன் கல்யாணத்துக்காக வாங்கியது அது. பழையதில் ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. மாற்றச் சொல்லி, அளவு பார்க்கப் புதியதையும் சேர்த்து என்னிடம் கொடுத்தார்கள்.

ஸ்பிரிங் சரியாகத்தான் வந்தது. மறுநாள் ஆயுத பூஜை. ஊரில் பீளமேட்டுப் பட்டறையில் இருபது வருஷம் பழகிய கை சும்மா இருக்குமா? லேத், வைஸ், அரம் எல்லாம் துடைத்தவன், இதுவும் அழுக்காய்க் கிடக்கிறதே என்று பழைய துப்பாக்கியையும் பாலிஷ் சக்கரத்தில் காட்டிவிட்டேன். கண்ணாடி மாதிரி வந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்! துரு என்று நான் தேய்த்தது பக்கத் தகட்டில் இருந்த ஐந்து கீறல்கள். கிழவரின் அப்பா கத்தியால் போட்ட அடையாளமாம். டிரைவர் காதர் பாய் நேற்றுதான் சொன்னார்.

எட்டே முக்காலுக்கு உம் அல் குவைன் பக்கம் நிறுத்தினோம். கரக் டீ ஒன்றரை திர்ஹம்.

"என்ன அண்ணே, டீயப் பார்த்துக்கிட்டே இருக்கீக?" என்றார் காதர் பாய், கீழக்கரைக்காரர்.

"பெரியவருக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்களே பாய்? கண்டுபிடிக்க மாட்டாருங்கல்ல?"

"கண்ணுலதான் புரை. விரலுக்கு என்ன கேடு? அல்லாஹ் லேசாக்குவான், ஏறுங்க."

ராஸ் அல் கைமா கடந்ததும் வலப்பக்கம் மொட்டை மலை, இடப்பக்கம் கடல், நடுவில் கல் லாரிகள். அழகான சாலை என்பார்கள். நான் அதிகம் பார்க்கவில்லை.

பத்தேகால். கம்பளம் விரித்த கூடம், பேரீச்சம்பழம், காவா என்கிற அரபுக் காப்பி. முன்பே அங்கே வந்திருந்த அர்பாப் இரண்டு துப்பாக்கிகளையும் கிழவர் மடியில் வைத்தார். கிழவர் விரல் ஒன்றில் ஓடியது, மற்றதில் ஓடியது, திரும்பவும் முதலாவதற்கு வந்தது. சட்டென்று குரல் உயர்ந்தது.

காதர் பாய் என் காதில் சொன்னார். "ரெண்டுமே புதுசுங்கிறாரு. என் துப்பாக்கி எங்கேங்கிறாரு."

அர்பாப் என் பக்கம் திரும்பி இந்தியில் கேட்டார். "பழசு எங்கே? யாருக்கு வித்தே?"

அட கடவுளே! தேய்த்ததற்குத் திட்டு வாங்கத்தான் வந்தேன். திருட்டுப் பட்டம் என்று நினைக்கவே இல்லை. "விக்கலீங்க பாய், தேச்சுப்புட்டேன்னு சொல்லுங்க! ஒரு ஸ்க்ரூ டிரைவர் மட்டும் குடுக்கச் சொல்லுங்க!" என்று கத்தியேவிட்டேன்.

ஸ்க்ரூ டிரைவர் வந்ததும் இரண்டையும் பிரித்தேன். புதியதன் திருகாணிகள் எதை எந்தத் துளையில் போட்டாலும் நழுவிப் போய் உட்கார்ந்தன. பழையதில் ஒரு துளையின் ஆணியை இன்னொரு துளையில் வைத்தேன். அரைச் சுற்றிலேயே முரண்டு பிடித்தது. ஒவ்வொன்றையும் அதனதன் துளைக்கென்று ஒருவன் உட்கார்ந்து அரத்தால் ராவியிருக்கிறான். பழையதில் மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நகம்கூட நுழையாது. புதியதில் அந்த இடைவெளியை வார்னிஷ் அடைத்திருந்தது. புதியதையும் குறை சொல்ல மாட்டேன்: எஃகு சுத்தம், எந்த உறுப்பு கெட்டாலும் வேறு வாங்கிப் போடலாம். ஆனால் அன்றைக்கு என்னைக் காப்பாற்றக்கூடியது பழையதுதான்.

அதன் தகட்டின் உட்புறம் பாலிஷ் படாத இடம். துளைகளின் ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று உளியால் குத்திய புள்ளிகள். ஆணிகளிலும் அதே புள்ளிகள், எது எதற்கு என்று கையால் செய்தவன் போட்ட குறி. கிழவர் விரலை எடுத்து அங்கே வைத்தேன்.

"வாஹித்... இத்னேன்... தலாதா..." என்று எண்ணினார். தன்னுடையதுதான் என்று தலையை ஆட்டினார். அர்பாப் முகம் இளகியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு கிழவர் தகட்டைத் திருப்பினார். கட்டைவிரல் அந்த வழவழப்பான இடத்தில் போய் நின்றது. மெதுவாக ஏதோ சொன்னார்.

காதர் பாய் சொன்னார். "புதுசு பத்துகூட வாங்கலாமாம். எங்க வாப்பா கீறினத எந்தக் கடையில போயி வாங்குறதுன்னு கேக்குறாரு."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வயிறாரச் சோறு போட்டார்கள். இரண்டரை மணிக்குக் கிளம்பும்போது, விசாவுக்கு பாஸ்போர்ட் காப்பி கொடுத்துவிடு என்றார் அர்பாப்.

"அதான் விசா கெடைச்சிருச்சே அண்ணே, சிரிங்க" என்றார் காதர் பாய். என்னால் சிரிக்க முடியவில்லை. ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள் ஆயுதத்தைத் துடைத்து வைத்துக் கும்பிடுகிறோம். நான் துடைத்த துடைப்பில் ஒரு மனிதருக்கு அவர் அப்பாவின் கையெழுத்தே போய்விட்டது. என் நகக்கண்ணில் அந்த பாலிஷ் கறுப்பு இன்னும் இருந்தது. ஷார்ஜா வரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.