அப்பாவின் பூட்ஸில் இன்னொரு கால்

இன்று மாலை அப்பாவின் பூட்ஸைத் தாம்பரம் ஸ்டேஷன் அருகே செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனேன். ரயில்வே பணிமனை வேலைக்கென்று அப்பா சொல்லிச் செய்த, கையால் தைத்த கனத்த தோல் பூட்ஸ். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. திங்கட்கிழமை அதே வேலையில் சேரும் தம்பிக்காக அடி மாற்ற வேண்டும்.

செருப்புத் தைப்பவர் உள்தோலை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாமா, இத ரெண்டு பேரு போட்டுக்கினு கீறீங்களா?"

"இல்லண்ணா, அப்பா மட்டும்தான்."

"பெரிய காலு பள்ளம் கீது. அதுக்குள்ள சின்னக் காலு ஒண்ணு மிதிச்சிக்கீது பாரு. இது புதுசும்மா."

குனிந்து பார்த்தேன். ஐந்து சிறிய விரல்களின் குழிவு.

பல மாதங்களாக விடியற்காலையில் அந்த பூட்ஸ் கொல்லையில் நடக்கும் சத்தம் கேட்டு, போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

அம்மாவின் கால் சின்னது. இன்று காலை பூட்ஸைத் துடைத்து என் கையில் கொடுத்தவளும் அவள்தான்.

"உள்தோலும் புதுசா போட்டுரவா? இல்லாங்காட்டி தம்பிக்குக் கடிக்கும்."

"வேணாண்ணா. அடி மட்டும் மாத்துங்க. உள்ள கை வைக்காதீங்க."

தம்பிக்கு வேறு பூட்ஸ் வாங்கப் போகிறேன்; இது அம்மாவிடமே இருக்கட்டும். இது தம்பிக்கு அளவு சேராது என்று வீட்டில் சொல்லலாம், ஆனால் அவனுக்கும் அப்பாவுக்கும் ஒரே அளவு. இதைவிட நல்ல பொய் கைவசம் உள்ளவர்கள் உடனே பதில் போடுங்கள். பிரவுசிங் சென்டரில் எனக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது.