உள்ளே திரும்புவதா, வெளியே திரும்புவதா

போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு இளைஞர் போனில் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது தப்புதான். ஆனால் பஸ்ஸில் அடுத்தவர் பேப்பரைப் படித்தே உலக ஞானம் பெற்றவன் நான், சட்டென்று விட முடியுமா? ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, எதிராளியின் மூலைக்குள் நேராகப் புகுந்துவிட்டார். "இப்பவே ஏன் தம்பி?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு காவிரியைப் பார்த்தேன்.

அந்த ஆட்டத்துக்குப் பெயர் கோ. சீனா, ஜப்பான், கொரியாவில் ஆடுவது. பலகை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கோடுகள் சந்திக்கிற இடத்தில் மாற்றி மாற்றிக் கல் வைத்து இடம் வளைக்க வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு அது பெருங்காய வாசனையோடு வந்து சேர்ந்தது. இன்றைக்கும் பெருங்காய டப்பாவைத் திறந்தால் எனக்குச் சாம்பார் ஞாபகம் வருவதில்லை.

பாலக்கரையில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பெருங்காயம், காய்ந்த மிளகாய், சாக்கு எல்லாம் சேர்ந்து புதிதாக வருகிறவர்களைத் தும்மித் தும்மியே கையெழுத்துப் போட வைக்கும். துவாக்குடி காலேஜ் ஹாஸ்டல் விலாசத்துக்கு வந்த ஒரு பெட்டியை வாங்க ஆளே வரவில்லை. மாணவன் படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டான், அனுப்பியவர் விலாசமும் கிழிந்துபோயிருந்தது. ரொம்ப நாள் கழித்து மேனேஜர், "இடத்தை அடைக்குது, நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்கய்யா" என்றார். உள்ளே பலகை, கல், அட்டை போன ஒரு இங்கிலீஷ் புத்தகம். குறைந்த கல்லுக்குப் பெரிய கடை வீதியில் சட்டைப் பித்தான் வாங்கிச் சேர்த்துக்கொண்டோம்.

'சேர்த்துக்கொண்டோம்' என்றால் நானும் ரங்கராஜனும். அதே ஆபீஸில் டெலிவரி பார்த்தவர், என் வயதுதான். நான் உப்பிலியபுரத்தில் காட்டையும் மாட்டையும் அண்ணனிடம் விட்டுவிட்டு வந்து லாட்ஜில் தங்கியவன். அவர் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே இருந்தவர். பாலம் தாண்டி வேலைக்கு வருவதையே காசி யாத்திரை மாதிரி சொல்வார். என்னை 'ஓய்' என்பார், நான் 'சுவாமி' என்பேன். வருஷக்கணக்கில் பக்கத்து மேஜை, நீர் என்பதற்குக் கீழே இறங்கியதில்லை.

அந்தப் புத்தகம் முழுக்க மூலைகள். ஒருவர் மூலையில் இப்படி வைத்தால் மற்றவர் எப்படிப் பதில் வைப்பது என்று, பெரிய ஆட்டக்காரர்கள் காலம் காலமாக ஆடிப் பார்த்து முடிவு செய்த வரிசைகள். ஜோசெகி என்பார்கள். நாங்கள் 'முறை' என்றோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் ஒரு வருஷம் ஆட்டம் என்றால் நாலு மூலை மட்டும்தான் என்று நினைத்தோம். மூலைகள் முடிந்ததும் எண்ணிப் பார்த்து எழுந்துவிடுவோம். பலகையின் ஓரக் கோட்டுக்கு அடையவளஞ்சான், அடுத்ததற்குச் சித்திரை வீதி, மூன்றாவதற்கு உத்திர வீதி என்று கோயிலைச் சுற்றியுள்ள ஸ்ரீரங்கத்து வீதிகளின் பெயரை ரங்கராஜன் வைத்திருந்தார். நாலாவது கோட்டிலிருந்து கோயில். நடுவில் ஏன் யாரும் வைப்பதில்லை என்று கேட்டேன். "நடுவுல பெருமாள் சயனிச்சிண்டிருக்கார் ஓய், அங்க போய் உமக்கு எதுக்கு இடம்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. கடைசிப் பக்கங்களை ஒழுங்காகப் படித்தபோதுதான் நடுவும் ஆட்டம் என்று தெரிந்தது.

அந்த மூலை முறைகளில் ஒன்றுக்குப் பனிச்சரிவு என்று பெயர். கத்திரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, பனியைக் கண்ணால் பார்க்காத இரண்டு பேர் பனிச்சரிவு ஆடினோம். கல்லின் மேல் கல் சரிந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் மூலையைப் பார்த்து உள்பக்கம் திரும்பலாம், மூலையை விட்டு வெளிப்பக்கமும் திரும்பலாம். புத்தகம் இரண்டையும் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. நாங்கள் திறந்தோம்.

"உள்ள திரும்பறதுதான் அழகு. வெளில திரும்பறவன் ஆத்துல கோச்சுண்டு வாசல்ல நிக்கறவன்" என்பார் ரங்கராஜன்.

"உள்ளயே உக்காந்திருந்தா வெளியில கல்யாணம் நடக்குதா கருமாதி நடக்குதான்னு எப்படித் தெரியும் சுவாமி?"

"உமக்குத் தெரிஞ்சு என்ன ஆச்சு? லாட்ஜ் சாப்பாடு."

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை, லோடு இறங்காத நேரம், இதே சண்டை. ஆட்டம் முடிந்தாலும் அந்த மூலையை மட்டும் கலைத்துத் திருப்பித் திருப்பி வைப்போம். மூட்டை தூக்கும் சவரிமுத்து சாக்கின் மேல் படுத்தபடி, "அண்ணே, இன்னுமா அந்த மூலை முடியல? நான் பொண்ணு கட்டிப் பிள்ளையே பெத்துட்டேன்" என்பார். பொய்யில்லை, பெற்றிருந்தார். என் அப்பா இறந்து காரியம் முடிந்து நான் திரும்பி வந்த அன்று, ரங்கராஜன் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பலகையை எடுத்துப் போட்டு, "வெளில திரும்பும், பாப்போம்" என்றார். அதைவிட ஆறுதல் எனக்கு யாரும் சொன்னதில்லை.

நிவேதா வந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். துவாக்குடியில் படிப்பு முடிந்து ஊருக்குச் சாமான் அனுப்ப வந்த பெண். பலகையைப் பார்த்ததும் கண் விரிந்தது. "சார், திருச்சில கோ ஆடுறீங்களா!" என்றாள். ரங்கராஜன் பெருமையோடு உட்கார வைத்தார். ஆரம்பித்த சூட்டில் அவருடைய மூலையில், உத்திர வீதி முனையில், கல்லை வைத்துவிட்டாள். நாங்கள் படித்த புத்தகத்தில் அது கற்றுக்குட்டி ஆட்டம். மூலையில் துளி இடம் கிடைக்கும், வெளியே ஊர் முழுக்க எதிராளிக்குப் போகும். ரங்கராஜன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"குழந்தே, சாத்துமுறை ஆகறதுக்கு முன்னாடியே பிரசாதத்துக்குக் கை நீட்டறியே!"

"இப்ப எல்லாரும் இதான் சார் ஆடுறாங்க. கம்ப்யூட்டர் ஆட ஆரம்பிச்சதுக்கப்புறம் பழசெல்லாம் மாறிடுச்சு. என் போன்லயே அது இருக்கு."

அவள் ஜெயித்தாள், அதுவும் மரியாதையாக, வலிக்காமல். ரங்கராஜன் தோற்றதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. அந்தச் சூட்டில் பனிச்சரிவைப் பலகையில் வைத்து, "உள்ளயா வெளியவா, உன் போன்கிட்ட கேளும்மா" என்றேன். ரங்கராஜனும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷச் சண்டை.

அவள் கல்லை ஒவ்வொன்றாகப் போனில் வைத்தாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம்தான். போனில் தெரிந்த பலகையின் வேறொரு கோடியில், நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்காத மூலையில், நீலப் புள்ளி ஒன்று எரிந்தது.

"ரெண்டுமே நஷ்டம் சார். இதுக்குள்ளயே போக வேணாமாம். அங்க போயிடணுமாம்."

"ஏன்?" என்றார் ரங்கராஜன்.

"ஏன்னு சொல்லாது சார். ஜெயிக்க எத்தனை பர்சன்ட்னு மட்டும் காட்டும்."

அதன் பிறகு கொஞ்ச நாள் அவர் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. கோயிலில் கைங்கர்யம் என்றார். திரும்பி வந்தபோது புதுப் போன் வைத்திருந்தார். அந்தப் புள்ளிகளையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டார், கெட்டிக்காரர். என்னை எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. இங்கே ஏன் வைத்தீர்கள் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுகிற மனிதர், "அதான் ஓய் சரி" என்பதோடு நிறுத்திக்கொண்டார். "எப்படிச் சொல்றீங்க?" என்றால், "பாத்துட்டேன்." நானும் அதே போனை வாங்கினேன். பிறகு இரண்டு பேரும் பேசாமல் வைத்தோம். சவரிமுத்து எழுந்து பார்த்து, "என்னண்ணே, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

ஒரு ஞாயிறு நான்தான் வீம்புக்குப் பனிச்சரிவை ஆரம்பித்தேன். அவர் மறுக்கவில்லை, கூடவே வைத்துக்கொண்டு வந்தார். திரும்புகிற இடம் வந்தது. திரும்ப வேண்டியவர் அவர். என் வாயில் பதில் தயாராக இருந்தது. கல்லை எடுத்தார், வெளியே திரும்பினார்.

"என்ன சுவாமி, என் பக்கம் வந்துட்டீங்க?"

"எந்தப் பக்கம் போனா என்ன ஓய், ரெண்டும் நஷ்டந்தானே. உமக்குப் பிடிச்சதா இருக்கட்டுமேன்னு வச்சேன்."

வெளியே திரும்புவதுதான் சரி என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அத்தனை வருஷம் மல்லுக்கட்டியவன் நான். குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டார். மிச்ச ஆட்டத்தை எப்படி முடித்தேன் என்று ஞாபகம் இல்லை. அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவும் இல்லை.

இப்போது இரண்டு பேரும் வேலையை விட்டாயிற்று. ராஜகோபுரம் பக்கம் எப்போதாவது எதிர்ப்படுவார். நின்று சுகர் எவ்வளவு என்று கேட்டுக்கொள்வோம். அவர் நம்பரைச் சொல்வார், நான் என் நம்பரைச் சொல்வேன். அதற்கு மேல் பேச ஒன்றும் இருப்பதில்லை.