வந்துட்டேன் சொல்லும் மெஷின்கள்

ஆம்பூரைத் தாண்டிப் பேரணாம்பட்டு ரோட்டில் இருக்கும் ஒரு தோல் கம்பெனியில் ஜாஸ்மினுக்கு வேலை கிடைத்தது, புருஷன் செத்ததால். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் விஷயம் அதுதான். அவள் புருஷன் ஜோசுவா அதே கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன். ஏசி அறையில் உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய ஒருத்தர் மயங்கி விழுந்துவிட்டார் என்று கூச்சல் கேட்டதும் ஓடிப்போய் இவனும் இறங்கினான். மற்றவர்கள் மேலே நின்று கயிறு தேடிக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆளைக் கொன்றது அதற்கு மேலே நின்ற வாயு. முதலில் விழுந்தவரும் பிழைக்கவில்லை, தூக்கப் போனவனும் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து, ஜெபக்கூட்டமும் முடிந்த பிறகு மேனேஜர் ராமமூர்த்தி வீட்டுக்கு வந்தார். வேலை போட்டுக் கொடுப்பதாகச் சொன்னார். வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். ஜாஸ்மின் பிளஸ் டூ முடித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் பேரணாம்பட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தவள். புருஷனை விழுங்கின இடத்துக்கே வேலைக்குப் போவதா என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். மூக்கில் விரல் வைத்தவர்களில் ஒருவராவது அரிசி வாங்கிப் போட்டாரா? இல்லை. அவள் போனாள்.

அவளை உட்கார வைத்தது, பதப்படுத்தி முடித்த தோல்களை அளந்து தரம் பிரிக்கிற கூடத்தில். இரண்டு பக்கச் சுவரோரமும் கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெண். தோல் வரும், அதன் அளவையும் தரத்தையும் தட்டி ஏற்ற வேண்டும். பக்கத்து சீட்டில் சுகரா பேகம் என்ற மூத்த பெண். பச்சை பட்டனை அமுக்கு, கொஞ்ச நேரம் ஆகும், பொறுத்திரு என்று சொல்லிக் கொடுத்தாள். சொல்ல வேண்டிய முக்கியமான ஒன்றை மட்டும் அவளும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஜாஸ்மின் பட்டனை அமுக்கினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. ஓடி நின்றன. பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஜோசுவா, "வந்துட்டேன்" என்றான்.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொல்வானே, அதே குரல். அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமலே அவள் "ம்" என்பாள். அன்றைக்கும் அந்த "ம்" அவளை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்குள் அடுத்த மெஷின் "வந்துட்டேன்" என்றது. அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. சுவரோரமாக ஒருத்தன் நடந்துகொண்டே ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டு போவதுபோல அந்தக் குரல் கூடத்தின் கோடி வரைக்கும் போயிற்று. பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜாஸ்மினுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பயம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்? தோலை எடுத்து அளவைப் பார்த்தாள்.

தோல் கம்பெனிக் காற்றுக்கு ஒரு குணம் உண்டு. அழுகின முட்டை வாடை வீசும், வெள்ளிக் கொலுசை நாலு நாளில் கறுக்கடிக்கும். மனுஷனின் நுரையீரலையே விட்டுவைக்காத காற்று ஹார்டு டிஸ்க்கை விடுமா? வாங்கி வாங்கி மாட்டினாலும் செத்துச் செத்துப் போயின. அதனால் ஜோசுவா எல்லா மெஷின்களிலிருந்தும் டிஸ்க்கைக் கழற்றிவிட்டான். காற்றுப் புகாத ஒரு அறையில் ஒரே ஒரு சர்வர். காலையில் மெஷினைப் போட்டால் அதற்குத் தன் பேர்கூடத் தெரியாது. நான் யார், எனக்கு என்னென்ன இருக்கிறது என்று கேபிள் வழியாக சர்வரைக் கேட்கும். சர்வர் பேரைச் சொல்லி, எல்லாவற்றையும் எடுத்துக் காட்டும். சாப்பிடும்போது இதையெல்லாம் ஜோசுவா பெருமையாகச் சொல்லுவான். ஜாஸ்மின் ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாதி காதில் விழும், பாதி விழாது.

எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் சர்வரைக் கேட்டால் பதில் வரத் தாமதமாகும். அதற்குள் பெண்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். மெஷின் தயாரானது யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசருக்கும் அவர்களுக்கும் தினமும் பேஜார். அதற்காகத்தான் விளையாட்டாகத் தன் குரலையே பதிந்து வைத்தான். அவன் இருக்கிற வரைக்கும் அது தமாஷாக இருந்தது.

அவன் போன பிறகும் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டுதான் இருந்தது. வந்த ஒவ்வொரு முறையும் ஜோசுவாவும் வந்தான். சுகரா பேகம் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு ஓதினாள். கோடியில் இருந்தவள் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து மானிட்டர் மேல் வைத்தாள். இன்னொருத்தி பயமாக இருக்கிறது என்று லீவு போட்டாள். ஜோசுவாவின் இடத்துக்கு வந்த ரஷீத் அஹமது வாணியம்பாடிக்காரன், கெட்டிக்காரன். ஆனால் ஜோசுவா கட்டி வைத்ததில் எதையும் தொட மாட்டான். ஒன்றைத் தொட்டால் எது கழன்று விழும் என்று அவனுக்குத் தெரியாது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன் என்று இருந்துவிட்டான்.

ஜாஸ்மினுக்கு அந்தக் குரலை விட்டால் வேறு இல்லை. கல்யாண வீடியோவில் பேண்டு சத்தம்தான் கேட்கிறது, மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அவன் போன் அவனோடு தொட்டிக்குள் போயிற்று. அவளிடம் இருந்தது பட்டன் போன். மூன்று தெரு தள்ளி வேலை செய்கிறவன் மாதிரி சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடுகிறவனின் குரலை எந்தப் பெண்டாட்டி பிடித்து வைப்பாள்?

முதல் சில மாதம் காலையில் ஒருமுறை கேட்டால் போதுமாக இருந்தது. பிறகு கரண்ட் போகாதா என்று காத்திருந்தாள். பிறகு கரண்ட் போகிற வரைக்கும் பொறுக்கவில்லை. யாரும் பார்க்காதபோது பட்டனை அமுக்கி மெஷினை அணைத்தாள். திரும்பப் போட்டாள். அணைத்தால் போனான், போட்டால் வந்தான். ஒவ்வொரு முறையும் அவள் "ம்" சொன்னாள். இவள் மெஷின் மட்டும் ஏன் அடிக்கடி நின்றுபோகிறது என்று ராமமூர்த்தி கேட்டார். ரஷீத் வந்து கேபிளை மாற்றினான், பிளக்கை மாற்றினான். ஜாஸ்மின் வாயைத் திறக்கவில்லை. சுகரா பேகத்துக்கு மட்டும் தெரியும். அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே பலமுறை அணைத்துப் போட்டுவிட்டாள். மறுபடியும் போட்டபோது ஜோசுவாவின் குரலில் சலிப்பு தட்டியதுபோலக் கேட்டது. பதிந்து வைத்த குரலில் சலிப்பு எங்கிருந்து வரும்? ஆனால் அவள் காதில் அப்படித்தான் விழுந்தது. வேலை முடிந்து வந்து படுத்தவனைத் திரும்பத் திரும்ப எழுப்பி நிற்க வைக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. தன் விரலைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"எனுக்கு இது வேணாக்கா," என்றாள் சுகரா பேகத்திடம். "கைக்கெட்டுற தூரத்துல இருந்தா நான் சும்மா இருக்க மாட்டேன். என் மெஷின்ல மட்டும் எடுத்துடறேன். உங்க மெஷின்ல வர்றத இங்க இருந்து கேட்டுக்கிறேன். காலைல ஒரு வாட்டி. அது போதும்."

சுகரா பேகம் நல்லதாகத்தான் சொல்லுகிறாய் என்றாள். அந்தக் கூடத்தில் அவரவர் மெஷின் அவரவருக்கு. ஆயுத பூஜைக்கு அவரவர்தான் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். சுகரா பேகத்தின் மானிட்டரில் பிறை, ஜாஸ்மினுடையதில் சிலுவை. ஒருத்தி மெஷினை இன்னொருத்தி தொட்டால் சண்டை வரும். ரஷீத்தைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கூப்பிட்டால், அடிக்கடி அணைத்தது யார் என்று ஊருக்கே தெரியும்.

அதனால் அவளே தேடினாள். ஜோசுவா தன் வசதிக்காக எதையும் பூட்டி வைக்கவில்லை, எந்த மெஷினிலிருந்தும் எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். நாலைந்து நாள் சாப்பாட்டு நேரத்தில் துழாவி அந்தக் குரல் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். ஒரு சின்ன ஸ்பீக்கர் படம். கடைசியாக ஒருமுறை கேட்போமா என்று நினைத்தாள். கேட்டால் மனசு மாறிவிடும் என்று கேட்கவில்லை. நிரந்தரமாக அழிக்கவா என்று திரை கேட்டது. ஆமாம் என்றாள். மெஷினை அணைத்துப் போட்டாள். எழுத்துகள் ஓடின, நின்றன. சத்தமில்லை. பாரம் இறங்கினாற்போல இருந்தது அவளுக்கு. அன்று மத்தியானம் ஒரு தவறும் இல்லாமல் வேலை செய்தாள்.

டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போயிற்று. திரும்பி வந்ததும் பெண்கள் வரிசையாகப் பட்டனை அமுக்கினார்கள். ஜாஸ்மின் சுகரா பேகத்தின் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் ஓடி நின்றன. சத்தமில்லை. அடுத்தது திறந்தது, சத்தமில்லை. சுவரோரமாகத் திரைகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே கோடி வரைக்கும் போயின. யாரும் நடந்து வரவில்லை.

அவள் எழுந்து சர்வர் அறைக்கு ஓடினாள். மூச்சு வாங்க ரஷீத்திடம் சொன்னாள். என் மெஷினில் மட்டும்தான் அழித்தேன், மற்றதில் ஏன் இல்லை என்று கேட்டாள். ரஷீத் திரும்பி சர்வரில் தேடினான். வெகுநேரம் தேடினான்.

"அக்கா, உங்க மெஷின்னு ஒண்ணு கெடையாது," என்றான். "அதுங்கள்ல ஒண்ணுமே இல்ல. எல்லாத்துக்கும் சேத்து இங்க ஒண்ணே ஒண்ணுதான். அங்க கை வெச்சாலும் இங்கதான் அழியும்."

வேறு நகல் இருக்குமே என்றாள். வாரா வாரம் நகல் எடுப்பது ஜோசுவா அண்ணன் வேலை, அவர் போன பிறகு யாரும் எடுக்கவில்லை, அவர் எடுத்து வைத்த பழைய டிஸ்க்கும் இந்தக் காற்றில் கெட்டுவிட்டது என்றான் ரஷீத். அவளைப் பார்க்க முடியாமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஜாஸ்மின் கூடத்துக்குத் திரும்பினாள். எல்லாத் திரைகளும் எப்போதோ தயாராகிவிட்டன. தோல்கள் மேஜைமேல் குவிந்து கிடந்தன. ஒருத்தியும் வேலையை ஆரம்பிக்கவில்லை. ஓதினவள், எலுமிச்சம்பழம் வைத்தவள், பயமாக இருக்கிறது என்று லீவு போட்டவள், எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"இன்னாம்மா," என்றாள் சுகரா பேகம், "தம்பி இன்னும் வரல?"

ஜாஸ்மின் நடுக்கூடத்தில் நின்றாள். கல்லறையில் மண் போட்டபோதும், யார் யாரோ வந்து கட்டிக்கொண்டு அழுதபோதும், அவள் வாயால் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

"அவரு செத்துட்டாருக்கா," என்றாள். "நீங்க வேலைய ஆரம்பிங்க."